நாற்பத்தேழாவது பெயர்

ஜூலை 8, திங்கள்

உ
சீலைக்காரி துணை

புது நோட்டு. எந்தத் தாளை எடுத்தாலும் மேலே இந்த இரண்டு வரியைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதுவது எங்கள் வீட்டு வழக்கம். பிள்ளையார் சுழி எல்லாரும் போடுவார்கள். அதற்குக் கீழே குலசாமியையும் சேர்ப்பது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். மளிகைச் சீட்டுக்கும் உண்டு, லீவு லெட்டருக்கும் உண்டு. பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைத் தாளில் போட்டு டீச்சரிடம் திட்டு வாங்கினேன். அப்படியும் கை விடவில்லை.

இன்று அப்பாவோடு திருச்சி வந்து இறங்கினேன். எம்.எஸ்சி. புள்ளியியல். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

விடுதியில் இன்னும் அறை கொடுக்கவில்லை. புதிதாக வந்த பெண்கள் எல்லாரையும் கீழ்த்தளத்தில் டேபிள் டென்னிஸ் அறையில் போட்டிருக்கிறார்கள். மேஜையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு வரிசையாகப் பாய். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி வரை இங்கே இருக்கலாம். அதற்குள் பட்டியல் வரும்.

அறிவிப்புப் பலகையை இரண்டு முறை படித்தேன். முதல் வருஷத்துக்கு நாற்பத்தாறு இடம். கேட்டிருப்பவர்கள் நூற்றுக்கு மேல். சொந்த ஊர் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, பெற்றோர் யாரும் இந்த ஊரில் குடியிருக்காவிட்டால் முதல் முன்னுரிமை. அவர்களுக்குள் நுழைவுத் தேர்வு மதிப்பெண்படி வரிசை. மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. மிச்சமாவது ஒன்றாவது என்று வாசலில் இருந்த வாட்ச்மேன் அக்கா சிரித்தார்.

நான் முதல் முன்னுரிமைதான். விண்ணப்பத்தில் கம்பத்து முகவரி கொடுத்திருக்கிறேன், அத்தை வீடு. ஆறாவதும் ஏழாவதும் அங்கிருந்துதான் படித்தேன். அவர்கள் ரேஷன் கார்டில் என் பெயர் இன்னும் இருக்கிறது. கார்டில் இருப்பதை எழுதினால் அது எப்படிப் பொய் ஆகும்?

அப்பா பெட்டியை வைத்ததும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "இந்தா பாரு தாயி. ஆஸ்டல்ல ரூம் கெடச்சாப் படி. கெடைக்கலைன்னா மறுபேச்சு இல்லாம வீட்டுக்கு வந்துரு. வெளியில ரூம் எடுத்துத் தங்குறது, பாயில கெடக்குறது எல்லாம் நமக்கு ஆகாது. தபால்ல படிச்சுக்கலாம்."

அப்பாவுக்கு ஆண்டிபட்டி பேரூராட்சியில் தண்ணீர் திறந்து விடுகிற வேலை. அவர் ஒரு நாள் வராவிட்டால் பாதி ஊர் குடத்தோடு தெருவில் நிற்கும். அதனால் உடனே திரும்ப வேண்டும் என்று பக்கத்துப் பாய்க்காரியிடம் கேட்டார்.

"ஏத்தா, ஆண்டிபட்டிக்கு எத்தனை மணிக்கு பஸ்?"

"தேனி வண்டி ரெண்டு மணிக்கு இருக்குப்பா. அதை விட்டா திண்டுக்கல் போயி மாறணும்."

அவள் பெயர் ஜெனிட்டா. என் வகுப்புதான். ஊர் தங்கச்சிமடமாம், ராமேஸ்வரத்துக்குப் பக்கம். கடலோரத்துக்காரிக்குத் திருச்சியில் தேனி வண்டி எத்தனை மணிக்கு என்று எப்படித் தெரியும்? யோசிக்க வேண்டிய விஷயம்.

ஜூலை 9, செவ்வாய்

என் பச்சை வாளியைக் காணோம். ஜெனிட்டாவின் பாய்ப் பக்கம் பார்த்தேன். பிறகு குழாயடியில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரோ எடுத்துவிட்டு மறுபடி வைத்திருக்க வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

இன்று விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் நாள். தரவு அறிவியலுக்கு முப்பதே இடம். அதைப் படித்தால் வேலை நிச்சயம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வகுப்பில் அறுபது பேர். முந்துகிறவருக்குத்தான் இடம். பதிவு எண்ணைப் பொறுத்து நேரம் வைத்திருந்தார்கள். எனக்குப் பத்து மணி, ஜெனிட்டாவுக்குப் பத்தே கால்.

பத்து அடித்தது. என் ஃபோனில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அழுகையே வந்துவிட்டது. ஜெனிட்டா கணினி ஆய்வகத்தில் ஓர் இடத்தைப் பிடித்துவைத்திருந்தாள்.

"இங்க வாடி. நம்பரச் சொல்லு. பாஸ்வேர்டு என்ன?"

"அதை எப்படிச் சொல்றது?"

"சொல்லாட்டி போ. சீட்டுப் போயிரும், பாஸ்வேர்டை வச்சு மாலை கட்டிப் போட்டுக்க."

சொன்னேன். எனக்கு இருபத்தெட்டாவது இடம் கிடைத்தது. அவள் நேரம் வருவதற்குள் முப்பதும் நிரம்பிவிட்டது. மக்கள்தொகைப் புள்ளியியலை எடுத்துக்கொண்டாள். "பரவால்ல, செத்தவுங்க பொறந்தவுங்களை எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தாள்.

தனக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் எனக்கு எதற்காகச் செய்தாள்? சும்மா யார் செய்வார்கள்? ஏதோ இருக்கிறது. திரும்பி வந்ததும் பாஸ்வேர்டை மாற்றினேன். சாப்பிட்ட பிறகு இன்னொரு முறை மாற்றினேன்.

ஜூலை 12, வெள்ளி

காய்ச்சல் என்று ஜெனிட்டா முதல் வகுப்புக்கு வரவில்லை. என் நோட்டை வாங்கி எழுதிக்கொண்டாள். பக்கத்தைத் திருப்பத் திருப்பச் சிரிப்பு.

"ஏண்டி சுருளி, எல்லாப் பக்கத்துலயுமா சீலைக்காரி? நாங்களும் சிலுவை போடுவோம். அதுவும் மொதப் பக்கத்துல மட்டும்தான்."

"சீலைக்காரி இருக்கிற இடத்துல தப்பு நடக்காது" என்றேன்.

"அப்ப இந்தக் கணக்குல ப்ளஸ்ஸுக்கு மைனஸ் போட்டிருக்கியே, அப்ப எங்க போயிருந்தா?"

வாய்க்கொழுப்பு. ஆனால் மைனஸ் தப்புதான்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் ஜெனிட்டா தலை வாரி, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சர்ச்சுக்கு என்றாள். சர்ச்சு ஒரு மணி நேரம். இவள் வந்தது மாலை ஐந்துக்கு. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா, உள்ளே மீன் குழம்பு. சூடு ஆறவில்லை.

எனக்கும் ஊற்றினாள். நெத்திலி. நன்றாக இருந்தது, அதை மறைக்க முடியாது. இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

"யாரு வச்சது?"

"எங்க அம்மா கைப்பக்குவம்" என்றாள். சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "மாதிரி இருக்குல்ல?" என்று சேர்த்தாள்.

தங்கச்சிமடத்தில் வைத்த குழம்பு திருச்சிக்குச் சூடாக வருமா? பெற்றோர் யாரும் இந்த ஊரில் குடியிருக்கக் கூடாது என்பது விதி. அதன் கீழே நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இவளும் போட்டிருக்கிறாள்.

ஜூலை 17, புதன்

பட்டியல் வந்தது. அறைச் சாவி மாதக் கடைசியில்தானாம். நாற்பத்தாறாவது பெயர் ஜெ. ஜெனிட்டா. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே காத்திருப்போர் என்று போட்டு முதல் பெயர், ப. சுருளீஸ்வரி.

அரை மதிப்பெண் வித்தியாசம். பத்து தடவை பார்த்தேன். கோடு அப்படியேதான் இருந்தது.

ஜெனிட்டா என் தோளைப் பிடித்தாள். "ஒரு ஆளு போனாப் போதும்டி. எம்.சி.ஏ. கவுன்சலிங் முடிஞ்சதும் யாராச்சும் சீட்டை விட்டுட்டுப் போவாங்க பாரு" என்றாள். மேலே இருக்கிறவளுக்குச் சொல்ல என்ன, சுலபம்.

ஜூலை 18, வியாழன்

அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். பின்னால் யாரோ தண்ணீர் வரவில்லை என்று கத்துவது கேட்டது. "முப்பத்தொண்ணு வரைக்கும் பாரு. ஒண்ணாந்தேதி வந்து கூட்டிட்டுப் போறேன். வருத்தப்படாத தாயி" என்றார்.

வருத்தப்படாதே என்று சொன்னால் வருத்தம் போய்விடுமா? எங்கள் தெருவில் பட்டப்படிப்புக்கு மேலே போன முதல் பெண் நான். போன வேகத்தில் திரும்பி வந்த முதல் பெண்ணும் நானே ஆகப்போகிறேன். தபாலில் படித்தவர்களின் கதையெல்லாம் எனக்குத் தெரியும். புத்தகக் கட்டு வந்து சேர்வதற்குள் கல்யாணப் பத்திரிகை அடித்துவிடுவார்கள்.

நான் போக மாட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று அவள் பின்னாலேயே போனேன். வேவு பார்க்கிற புத்தி எனக்குக் கிடையாது. உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவள் டவுன் பஸ்ஸில் முன் வாசலில் ஏறினாள், நான் பின் வாசலில் ஏறித் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். கண்டக்டர் அவளைப் பார்த்து, "தில்லைநகர்தானம்மா?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட் கிழித்தார். கண்டக்டருக்கே தெரிந்திருக்கிறது!

தில்லைநகரில் குறுக்குத் தெரு ஒன்றில் ஒரு பெரிய வீடு. இரண்டு கார். நாய் வேறு. ஜெனிட்டா பெரிய கேட்டுக்குப் போகவில்லை. பக்கவாட்டில் இருந்த சின்னக் கேட்டைத் தட்டினாள். ஒரு அம்மா வந்தார். அச்சு அசல் ஜெனிட்டாவின் முகம், கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் மெலிந்து. இவள் தலையைத் தடவி முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மாவேதான். இதற்கு மேல் சாட்சி எதற்கு?

இருவரும் வீட்டுக்குள் போகவில்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சாப்பிட்டார்கள். உள்ளேயிருந்து மணி அடித்தால் அம்மா எழுந்து ஓடுவார், திரும்ப வருவார். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் நான்கு முறை. இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு எதற்காகக் கல்லில் உட்கார வேண்டும் என்று புரியவில்லை. பெரிய இடத்துக்காரர்களின் பழக்கமே தனி.

திரும்பி வரும்போது எனக்குக் கொதித்தது. பங்களாவில் அம்மா. இவள் விடுதியில் ஏழை போல நடிப்பு. நான் ஆண்டிபட்டிக்குப் போய்க் குடம் எண்ண வேண்டுமா?

இன்றைக்கும் குழம்பு கொண்டுவந்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

நூலகத்தின் கடைசி மேஜையில் உட்கார்ந்து மனு எழுதினேன். பெயர் போடாத மனு. ஊரில் மொட்டைக் கடுதாசி என்பார்கள், கேவலமாகத்தான் பேசுவார்கள். ஆனால் பேரூராட்சியில் அதற்குத்தான் உடனே ஆள் வரும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தாள் வெளிக்கடையில் வாங்கியது. பேனா வேறு நிறம். இடது கையால் எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று, கோழி கிளறியது போல வந்தது. அதுதான் வேண்டும். சாமியைக் கும்பிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன், அதனால் தப்பாகாது. பட்டியலில் நாற்பத்தாறாவதாக இருக்கும் மாணவியின் தாயார் இந்த ஊரிலேயே தில்லைநகரில் பங்களாவில் வசிக்கிறார், அந்த மாணவி பொய்க் கையெழுத்துப் போட்டு ஏழை மாணவியின் இடத்தைப் பறித்திருக்கிறார், விசாரிக்கவும். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

ஜூலை 23, செவ்வாய்

விடுதி அலுவலக வாசலில் இருக்கும் புகார்ப் பெட்டியில் போட்டேன். பிறகு தலைக்குக் குளித்தேன்.

ஜூலை 25, வியாழன்

மதியம் வாட்ச்மேன் அக்கா வந்து, "ஜெனிட்டா, துணை வார்டன் மேடம் கூப்பிடுறாங்க" என்றார். நான் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். பாயில் உட்கார்ந்தாள். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"யாரோ என் மேல மனுப் போட்டிருக்காங்க. மேடம் காட்டுனாங்க."

"யாராம்?"

"பேரு இல்ல." தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே, "சுருளி, உங்க சாமி ரொம்பக் கோபக்கார சாமியோ?" என்று கேட்டாள்.

"ஆமா, தப்பு செஞ்சா விடாது" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எதற்காகக் கேட்டாள் என்று தெரியவில்லை.

மாலையில் இன்னொரு அறிவிப்பு. புகார் வந்திருப்பதால் எல்லாருடைய முகவரியையும் சரிபார்க்கப் போகிறார்களாம். அசல் ரேஷன் கார்டோடு ஒவ்வொருவராக வர வேண்டும். ஒருத்தி மேல் புகார் கொடுத்தால் அவளை விசாரிக்க வேண்டியதுதானே? எல்லாரையும் எதற்குப் போட்டு வதைக்கிறார்கள்? அத்தைக்கு ஃபோன் செய்து கார்டைக் கூரியரில் அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 26, வெள்ளி

ஜெனிட்டாவின் அம்மா வந்தார். அலுவலக வராந்தாவில் நான் நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்தே இருந்ததால் காதில் விழுந்தது.

துணை வார்டன் திலகவதி மேடம் நல்ல மாதிரிதான் பேசினார். "உங்களைக் குறை சொல்லலைம்மா. ஆனா நீங்க இந்த ஊர்ல இருக்கீங்கன்னு புகார் வந்திருக்கு. இருக்கீங்கதானே?"

"இருக்கேன் மேடம். ஆனா அது என் வீடில்ல. படுத்த படுக்கையா ஒரு பெரியம்மா, அவுங்களுக்குப் பீ மூத்திரம் அள்ளிப்போட்டுக்கிட்டு மாடிப்படிக்கு அடியில பாய் விரிச்சுக் கெடக்கேன். இவளை ஒரு ராத்திரிகூட அங்க வச்சுக்க விட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பின்பக்கமா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. அதுவும் அவுங்க பெரிய மனசு. இவ அப்பா போனதுக்கப்பறம் ஊர்ல இருந்த வாடகை வீட்டையும் விட்டாச்சு. ரேஷன் கார்டு மட்டும்தான் மேடம் அங்க இருக்கு."

"சாப்பாடு, தங்கல் எல்லாம் அங்கேதானே? அப்ப குடியிருப்புன்னுதான் எடுத்துக்குவாங்க. புகார் இல்லாம இருந்திருந்தா நான் கண்டுக்காம விட்டிருப்பேன். இப்ப முடியாது."

வெளியே வந்த அந்த அம்மா என்னைப் பார்த்ததும் நின்றார். "நீதானத்தா சுருளி? எம்புள்ள சொல்லும். நோட்டெல்லாம் குடுத்து ஒதவுறியாமே. நல்லா இருப்ப" என்று என் கன்னத்தைத் தொட்டார். கையில் ஃபினாயில் வாசனை.

நான்கு முறை எழுந்து ஓடினாரே, அந்த மணி எதற்கு என்று இப்போது புரிகிறது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறேன்.

ஆனால் நான் பொய் எழுதவில்லை. பங்களா என்று எழுதினேன். பங்களாதான்.

ஜூலை 27, சனி

திருத்திய பட்டியல். கோட்டுக்கு மேலே கடைசிப் பெயர் நான். ஜெனிட்டாவின் பெயர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அறை எண் நூற்றுப் பன்னிரண்டு. ஜன்னலோரக் கட்டில், அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது, மின்விசிறி சத்தம் போடுவதில்லை. என் பெட்டியின் ஒரு பக்கத்தை ஜெனிட்டாதான் பிடித்து மாடிக்குத் தூக்கிவந்தாள். வேண்டாம் என்றேன். "தனியா தூக்கி இடுப்பை ஒடிச்சுக்காத" என்றாள். கட்டிலை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

அப்பா ஃபோனில் கத்தினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். "நீ கெட்டிக்காரி தாயி" என்றார். சரி சரி என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஜெனிட்டா இன்று எங்கும் போகவில்லை. குழம்பும் இல்லை.

ஜூலை 29, திங்கள்

கூரியர் வந்துவிட்டது. கார்டோடு போனேன். திலகவதி மேடம் கார்டைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார். "கம்பம். சரி. மேலே கண்ட முகவரி உண்மைன்னு உன் கையால ஒரு உறுதிமொழி எழுதிக் கொடு" என்று வெள்ளைத் தாளை நீட்டினார்.

மேஜையில் ஜெனிட்டாவின் ஃபைல் திறந்திருந்தது. நான் பேனாவை வைத்தேன். கை பாட்டுக்கு எழுதியது. பிள்ளையார் சுழி, அதன் கீழே சீலைக்காரி துணை. நிமிர்ந்தேன். ஃபைலில் இருந்த மனுவிலும் மேலே அதே இரண்டு வரி. கோழி கிளறிய எழுத்தில், வேறு நிறப் பேனாவில், நான் பார்த்துப் பார்த்து எழுதிய மனுவின் தலையில் சீலைக்காரி துணை.

தாளைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"என்னம்மா, தப்பா எழுதிட்டியா?"

"ஆமா மேடம். வேற தாள் கொடுங்க."

இந்த முறை மேலே எதுவும் போடாமல் எழுதினேன். எனக்கு நினைவு தெரிந்து மொட்டைத் தாளில் எழுதியது இதுதான் முதல் தடவை. எழுதி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் பேனா நின்றது.

கிளம்பும்போது வாய் தானாகக் கேட்டுவிட்டது. "மேடம், ஜெனிட்டாவுக்கு ஒண்ணும் செய்ய முடியாதா?"

"அந்த வீட்டுக்காரங்க கிட்டயிருந்து லெட்டர் கொண்டுவந்திருக்கா. வேலைக்கு இருக்கிற இடம், குடியிருப்பு இல்லைன்னு. அதை வச்சு மேலிடத்துல பேசிச் சேர்த்துடலாம். ஆனா புகார் ஒண்ணு உயிரோட கிடக்கே. போட்டவங்க வந்து வாபஸ் வாங்கினா ஃபைலை மூடிடுவேன். இதுல பேரே இல்லை. யாரைக் கூப்பிட்டு வாபஸ் வாங்கச் சொல்றது?"

மேடம் என்னைப் பார்த்தாரா, ஃபைலைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கீழே டேபிள் டென்னிஸ் அறையில் ஜெனிட்டா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"நீ பார்த்தியா?" என்றேன்.

"எதை?"

"மனுவ."

"பார்த்தேன்." ஒரு சுடிதாரை மடித்து வைத்தாள். "பாத்ததும் தெரிஞ்சிருச்சு. உன் நோட்டை வாங்கிப் பாத்து எழுதியிருக்கேன்ல. யாருன்னு தெரியுமான்னு மேடம் கேட்டாங்க. தெரியலைன்னுட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா எங்க அம்மா இந்த ஊர்ல இல்லைன்னு ஆயிருமா?" இப்போதுதான் குரல் உயர்ந்தது. "ரொம்ப நல்லவன்னு நினைச்சுக்காத. உன் கதையையும் சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வந்த அன்னைக்கே உங்க அப்பா ஆண்டிபட்டிக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு என்கிட்டத்தான் கேட்டாரு. அன்னைக்குக் கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்டர்ல உன் பேருக்கு நேரா கம்பம்னு இருந்துச்சு. எனக்குக் கணக்குத் தெரியாதா? ஆண்டிபட்டி எரநூறு கிலோமீட்டர் வராது."

மூன்று வாரமாகத் தெரியும். பாஸ்வேர்டு கேட்ட அன்று தெரியும். குழம்பு ஊற்றிய அன்று தெரியும். நான் அவளுக்குக் கீழே கோட்டில் நின்ற அன்றும் தெரியும்.

"நானும் ஒரு மனுப் போட்டிருந்தா நீ இருந்த எடம் தெரிஞ்சிருக்காது" என்றாள். "உனக்கும் ஒரு கஷ்டம் இருக்கும்னு விட்டுட்டேன். போ சுருளி. எனக்கு வேலை இருக்கு."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே மாடி ஏறி வந்து ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 30, செவ்வாய்

காலையில் இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். வாளியைக்கூட விடவில்லை. சந்தேகப்பட வேண்டிய ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு அலுவலகம் போனேன். புகாரைத் திரும்பப் பெற ஒரு படிவம் இருக்கிறது. பெயர், பதிவு எண் எழுதுவது சுலபமாக இருந்தது. அடுத்த கட்டம், நிரந்தர முகவரி. அங்கே பேனா நின்றது. கம்பம் என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. கார்டும் இருக்கிறது, உறுதிமொழியும் இருக்கிறது. ஜெனிட்டாவும் சொல்ல மாட்டாள். இருவருக்குமே எப்படியாவது இடம் கிடைத்துவிடலாம்.

அப்படி எழுதினால் இன்னொரு மொட்டை மனு எழுதுவதும் இதுவும் ஒன்றுதான் என்று தோன்றியது. தண்ணீர்த் தொட்டித் தெரு, ஆண்டிபட்டி என்று எழுதினேன். மேலே எப்போதும் போல சாமியைப் போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

திலகவதி மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு தப்பு. ரெண்டையும் நீயே கொண்டுவந்து வைக்கிற. வேற யாராவது பிடிச்சுக்கொடுத்திருந்தா உன்னை வகுப்பை விட்டே அனுப்பியிருப்பேன், தெரியுமா?" என்றார். தலையை ஆட்டினேன்.

ஜெனிட்டாவின் பெயர் மறுபடி நாற்பத்தாறில். நான் இரண்டாம் முன்னுரிமைக்குப் போய்விட்டேன். காத்திருப்போரில் ஒன்பதாவது இடம். கவுன்சலிங் முடிந்தால் எட்டுப் பத்துப் பேர் போவது வழக்கம்தானாம். அதுவரை ஆகஸ்ட் முழுவதும் டேபிள் டென்னிஸ் அறையில் பாயில் இருக்கலாம், ஆனால் அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

ஜன்னலோரக் கட்டிலில் ஜெனிட்டாவின் பெட்டி ஏறியது. என் பெட்டி கீழே இறங்கியது. இந்த முறை நான் தனியாகத்தான் தூக்கினேன். பாதிப் படியில் அவள் வந்து ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

ஜூலை 31, புதன்

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பம், மனு, ஜெனிட்டா, அவள் அம்மா, எல்லாம். "நாளைக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அப்பா பதினொரு மணிக்கு வந்தார். பேரூராட்சிச் சட்டை, தோளில் துண்டு. என் முகத்தைப் பார்க்கவில்லை. அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். மேடம் கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கொடுத்து, யோசித்துப் போடுங்கள், அவசரமில்லை என்றார். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து டேபிள் டென்னிஸ் அறைக்கு வந்து என் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

"கெளம்பு" என்றார்.

பாயைச் சுருட்டினேன். பச்சை வாளியை எடுத்துக்கொண்டேன். நான் கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

வாசலில் ஜெனிட்டா நின்றிருந்தாள். வகுப்புக்குப் போகவில்லை போல. அப்பா அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதானத்தா அந்தப் புள்ள? எம்மக பண்ணுனது தப்பு. மன்னிச்சுக்க" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார். என் அப்பா ஒரு பெண்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கேயே உயிர் போய்விடும் போல இருந்தது.

அப்பா வேறு எதைப் பேசுவது என்று தெரியாமல் அன்றைக்குக் கேட்டதையே கேட்டார்.

"ஆண்டிபட்டிக்கு எத்தனை மணிக்குத்தா பஸ்?"

"ரெண்டு மணிக்குப்பா." அவள் என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.